கீழமாசி வீதியில் ஒரு லேன் கேபிள் வேலை: டேவிட் போக்ஸை நினைவூட்டிய கைகள்

மதுரை கீழமாசி வீதியில் என் மைத்துனர் நடத்தும் பருப்பு மொத்தக் கடைக்குச் சென்ற சித்திரையில் புதிதாக லேன் கேபிள், அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி, இழுத்தோம். வேலையைச் செய்தவர் யானைக்கல் பக்கம் ஒரு மாடி அறையில், ஒரே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர். ஒப்புக்கொண்ட வேலையே முடியாமல் இருப்பதால் தம் பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயரைத் தவிர்க்கிறேன். கீழமாசி வீதிக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

இது அவருடைய வேலையைப் பற்றிய மதிப்பீடு. ஆனாலும் டேவிட் போக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் இதில் அடிக்கடி வரும். நான் ஒரு பாலிடெக்னிக்கில் 26 ஆண்டுகள் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓரிடத்திலுள்ள கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் முறையான ஈத்தர்நெட் பற்றிப் பாடம் எடுத்த ஒவ்வோர் ஆண்டும் அதைக் கண்டுபிடித்த ராபர்ட் மெட்காஃபின் பெயரைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவரோடு உட்கார்ந்து அதைக் கையால் கட்டி ஓட வைத்த போக்ஸின் பெயரைப் பல ஆண்டுகள் எழுதாமலே விட்டிருக்கிறேன். அது எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்தது. ஏணியில் ஏறி நின்று கேபிள் முனையைச் சீவிக்கொண்டிருந்த இந்த மனிதரைப் பார்த்தபோது, இந்த இருவரைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வீதியைப் பார்த்த முன்கட்டில் பில் போடும் கம்ப்யூட்டர்கள் இரண்டு, மாடியில் கணக்குப்பிள்ளை இருக்கும் அறையில் மூன்று, பின்புறச் சந்துக்கு அப்பாலுள்ள கிட்டங்கியில் எடைமேடையோடு இணைந்த ஒன்று. இவற்றோடு பிரிண்டர்கள் இரண்டு, கண்காணிப்புக் கேமராக்கள் ஆறு என்று மொத்தம் 14 இணைப்புகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் செய்துகொடுத்த வயரிங், காலை பத்து மணி வரை ஒழுங்காக ஓடும். லாரியிலிருந்து சரக்கு இறங்கத் தொடங்கி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் பில்லுக்காகக் கூடி நிற்கும் பதினொரு மணிக்குத் திரை அப்படியே நின்றுவிடும். கிட்டங்கியில் எடை போட்ட மூட்டையின் கணக்கு முன்கட்டுக்கு வந்து சேராது. கடைப் பையன் துண்டுச் சீட்டில் எடையை எழுதிக்கொண்டு சந்தைக் கடந்து ஓடி வருவான். மென்பொருளைக் குறை சொன்னோம்; ஒரு கம்ப்யூட்டரை மாற்றினோம்; இணைய வேகத்தைக் கூட்டிக் கூடுதல் பணமும் கட்டினோம். எதிலும் பலன் இல்லை.

இவர் வந்த முதல் நாள் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடவில்லை. “ஐயா, ஏணி இருக்குங்களா?” என்று கேட்டு வாங்கி, கேபிள் போகும் வழி முழுவதையும் கூரையோரமாகவே பார்த்துக்கொண்டு போனார். சந்தைத் தாண்டும் இடத்தில் நின்று, பழைய கேபிளில் ஒரு சாண் வெட்டி எடுத்து, உள்ளே இருந்த ஒரு கம்பியின் மேல் பிளேடை லேசாக ஓட்டினார். மேலே செம்பு நிறம் உரிந்ததும் உள்ளே வெள்ளி நிறம் பளிச்சென்று தெரிந்தது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய மலிவான கேபிள் அது. அதையே இரண்டு விரல்களுக்கிடையே நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினார், முறிந்துவிட்டது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் குடும்பத்தின் கடையிலேயே மூன்று ஆண்டுகளாக அது தொங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதோடு முடியவில்லை. சந்தில் ஓரிடத்தில் கேபிள் நீளம் போதாமல், இரண்டு துண்டுகளைக் கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஊறி அந்த இடம் பச்சை பூத்திருந்தது. முன்கட்டில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போகும் மின்கம்பிகளோடு ஒரே பிவிசி குழாயில் லேன் கேபிளையும் திணித்திருந்தார்கள். இணைப்பான் மாட்டிய முனைகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பின்னலைப் பிரித்து விட்டிருந்தார்கள். இந்தப் பின்னல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடப்பது அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஓர் இணையின் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே விழுகிறது. வாங்கும் முனை இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. பின்னலைப் பிரித்த நீளம் முழுவதும் அந்தப் பாதுகாப்பு இல்லாத நீளம். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி.

போக்ஸின் காலத்தில் இந்தப் பின்னல் கேபிளும் இல்லை, நடுவில் நின்று செய்தியை உரிய கம்ப்யூட்டருக்குப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் என்ற கருவியும் இல்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆல்டோ என்னும் தனியாள் கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவை அனைத்தையும் தமக்குள்ளும், அங்கேயே உருவாகிவந்த லேசர் பிரிண்டரோடும் இணைக்க வேண்டியிருந்தது. மெட்காஃபுக்கு வழிகாட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் 1971-இல் இயக்கிக்காட்டிய அலோஹா வானொலி வலையமைப்பு. தீவுகளில் இருந்த முனையங்கள் யாரையும் கேட்காமல் நினைத்த நேரத்தில் செய்தியை அனுப்பின; கிடைத்தது என்ற பதில் வராவிட்டால் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடியும் அனுப்பின. எளிமையான ஏற்பாடுதான், ஆனால் இரண்டு செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கெட்டுப்போனதால் அலைவரிசையின் திறனில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலவில்லை. இதை ஒரே கேபிளுக்குக் கொண்டுவந்து, பேசும் முன் கேள், மோதினால் நிறுத்து என்ற இரண்டு ஒழுங்குகளைச் சேர்த்து மெட்காஃப் 1973 மே 22 அன்று ஒரு குறிப்பு எழுதினார். ஈத்தர்நெட் என்ற பெயர் அதில்தான் வருகிறது.

அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள எங்கள் கடைக்கும் கிட்டங்கிக்கும் இடையிலுள்ள சந்துக்கு வந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு கைவண்டி மட்டுமே போகும் அகலம். மூட்டை ஏற்றிய வண்டிக்காரர் சந்து முனையில் நின்று எதிரே சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். கேட்கவில்லை என்றால் நுழைவார். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் நுழைந்துவிட்டால் நடுவில் முட்டிக்கொள்வார்கள். இருவரும் பின்வாங்குவார்கள். பின்வாங்கிய இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் நடுவில்தான் சந்திக்க வேண்டும். ஆகவே ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார், ஒருவர் துண்டை உதறித் தலையில் கட்டுவார், இருவருடைய காத்திருப்பும் வேறுபட்டுவிடும். ஈத்தர்நெட் இந்த வேறுபாட்டைக் கணக்கோடு செய்தது. மோதல் தொடர்ந்தால் காத்திருப்புக்குரிய நேர வரம்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதற்குள் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே எடுத்துக்கொண்டது. சந்து முனையில் போக்குவரத்துக் காவலர் யாரும் தேவைப்படவில்லை.

ஆனால் குறிப்பு எழுதியவுடன் கேபிளில் செய்தி ஓடிவிடாது. இங்கேதான் போக்ஸ் வருகிறார். 1950 ஜூன் 17 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலிக்கான உரிமம் பெற்று, வீட்டின் மேல் ஆன்டெனா கட்டி, முகம் தெரியாதவர்களோடு வானொலியில் பேசிப் பழகியவர். 1972-இல் பிரின்ஸ்டனில் மின்பொறியியல் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்புக்கு வந்த காலத்தில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். நீண்ட கேபிளில் துடிப்புகளை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்த மெட்காஃபுக்குத் தேவைப்பட்டது இந்த அனுபவம்தான். அலை எங்கே தேயும், எங்கே முட்டித் திரும்பி எதிரொலிக்கும் என்பது ஆன்டெனா கட்டியவருக்குக் கையோடு வந்த அறிவு. மெட்காஃப் கருத்தைத் தீட்ட, போக்ஸ் பின்னறையில் சுற்றுப்பலகைகளைக் கட்டினார். 1973 நவம்பர் 11 அன்று அந்த வலையமைப்பு முதன்முதலாக இயங்கியது.

வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு குறி; மெகாபிட் என்றால் பத்து லட்சம் பிட்). இந்த விநோதமான எண்ணுக்குப் பின்னால் ஒரு நல்ல கைத்தொழில்காரரின் சிக்கனம் இருக்கிறது: ஆல்டோவின் உள்கடிகாரம் ஒரு சுற்றுக்கு 170 நானோ நொடி எடுத்துக்கொண்டது, ஒரு பிட்டுக்கு இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால் வலையமைப்புக்கெனத் தனிக் கடிகாரம் வைக்க வேண்டியதில்லை. கேபிளில் கம்ப்யூட்டரை இணைக்கவும் புதிதாக எதையும் வடிக்கவில்லை. கேபிள் தொலைக்காட்சிக்காரர்கள் பயன்படுத்திய கொக்கிகளையே எடுத்துக்கொண்டார்கள். கேபிளை வெட்டாமல் உறைக்குள் ஊசி இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பிலேயே புதிய கம்ப்யூட்டரைச் சேர்க்க அதனால் முடிந்தது. ஒரு கிலோமீட்டர் நீளக் கேபிளில் நூறு இணைப்புகளோடு ஓடிய அந்த அமைப்பைப் பற்றி மெட்காஃபும் போக்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1976 ஜூலையில் வெளிவந்தது. 1977 டிசம்பரில் கிடைத்த காப்புரிமையில் மெட்காஃப், போக்ஸ், சக் தாக்கர், பட்லர் லாம்ப்சன் ஆகிய நால்வரின் பெயர்களும் உள்ளன.

மாநாடு ஒன்றில் இந்த முறை வேலையே செய்யாது என்று ஒருவர் அடித்துச் சொன்னபோது, ஈத்தர்நெட் கோட்பாட்டில் வேலை செய்யாது போலிருக்கிறது, நடைமுறையில் மட்டும்தான் வேலை செய்கிறது என்ற பொருள்பட போக்ஸ் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். வாதம் செய்ததை விட அளந்து காட்டியதே அவருடைய பெருமை என்பேன். 1980-களில், நெரிசல் மிகுந்தால் ஈத்தர்நெட் சரிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. நானும் அதை நம்பிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த போக்ஸ், ஜெஃப்ரி மோகுல், கிறிஸ்டோபர் கென்ட் மூவரும் 24 கம்ப்யூட்டர்களை ஒரே வலையமைப்பில் கட்டி, அத்தனையும் ஒரே நேரத்தில் இடைவிடாமல் அனுப்பும்படி செய்து அளந்தார்கள். செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பும் பொட்டலங்கள் பெரியவையாக இருந்தால், நெரிசலின் உச்சத்திலும் அப்போதைய ஈத்தர்நெட் வேகமான 10 மெகாபிட்டின் பெரும்பகுதி வீணாகாமல் பயன்பட்டது. 1988-இல் வந்த அந்தக் கட்டுரையின் இறுதியில் வலையமைப்பு அமைப்பவர்களுக்கு எளிய அறிவுரைகள் உண்டு: கேபிளைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள், ஒரே கேபிளில் அளவுக்கு மீறிக் கம்ப்யூட்டர்களை மாட்டாதீர்கள், உடனடிப் பதில் வேண்டிய வேலையையும் மூட்டை மூட்டையாகத் தரவு அள்ளும் வேலையையும் கலக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்ன அறிவுரையை அந்தக் கட்டுரையைப் படித்திராத நம் ஊர்க்காரர் தாமாகவே சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. “கேமராவும் பில்லும் ஒரே ஸ்விட்ச்சுல கெடக்குங்கய்யா. கேமராவைத் தனியாப் பிரிச்சு விட்ருவோம்” என்றார். ஆறு கேமராக்களுக்கும் அவற்றின் பதிவுக் கருவிக்கும் தனி ஸ்விட்ச். பில், கணக்கு, எடைமேடை, பிரிண்டர்களுக்கு இன்னொன்று. செலவில் கூடியது ஒரு சிறிய ஸ்விட்ச்தான்.

வேலை மூன்று நாள் நடந்தது. கேட் 6 என்ற தரத்திலுள்ள முழுச் செம்புக் கேபிள், 305 மீட்டர் பெட்டிகளாக என் முன்னால்தான் பிரிக்கப்பட்டது. பிரித்தவுடன் அதிலும் ஒரு துண்டை வெட்டிப் பிளேடால் சுரண்டி எனக்குக் காட்டிவிட்டுத்தான் இழுக்கத் தொடங்கினார். மின்கம்பிக்குத் தனிக் குழாய், லேன் கேபிளுக்குத் தனிக் குழாய் என்று ஒரு முழ இடைவெளி விட்டார். மூலைகளில் கேபிளை மடக்காமல் வளைத்துத் திருப்பினார். கிட்டங்கிக்குப் போகும் நீளத்தை டேப் பிடித்து அளந்தார். 74 மீட்டர் வந்தது. 100 மீட்டர் என்ற எல்லைக்குள் இருப்பதால் நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே கேபிளாக இழுத்தார்.

இரண்டாம் நாள் மதியம் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். உதவியாளர் தம்பிக்கு இருபது வயது இருக்கும். உறையை உரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, கட்டைவிரலால் நீவி நேராக்கி, ஒரே வெட்டில் முனைகளைச் சமமாக்கி, இணைப்பானுக்குள் செலுத்திக் கருவியை அழுத்தினார். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. என் பார்வையில் வேலை முடிந்தது. பெரியவர் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, வெட்டித் தரையில் போட்டார். “எரியுதேண்ணே” என்றார் தம்பி. “எரியும். உறை வெளியில நிக்குது பாரு. இழுத்தா நாளைக்குக் கம்பிதானே தாங்கணும்?” கேபிளின் வெளி உறை இணைப்பானுக்குள் போய், அங்கிருக்கும் பிடிப்புத் தாழ்ப்பாளுக்கு அடியில் அகப்பட வேண்டும், அப்போதுதான் இழுவை உறையின் மேல் விழும், மெல்லிய கம்பிகளின் மேல் விழாது. விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் டெஸ்டருக்கு இது தெரியாது. இரண்டாவதும் வெட்டப்பட்டது. மூன்றாவதில் உறை உள்ளே இருந்தது, பின்னலும் விளிம்பு வரை கலையாமல் இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேபிளை எடுத்துக்கொடுத்தார்.

பலனைச் சொல்கிறேன். பழைய வயரிங்கில் பல கம்ப்யூட்டர்கள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு இறங்கிக் கிடந்தன. அந்த வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும், 1000 மெகாபிட்டுக்கு நான்கு இணைகளும் குறையில்லாமல் வேண்டும். இப்போது பில், கணக்கு, எடைமேடைக் கம்ப்யூட்டர்கள் ஆறும் 1000-இல் நிற்கின்றன. பதினொரு மணி நெரிசலில் பில் நிற்கவில்லை. எடைமேடையில் மூட்டை ஏறியதும் முன்கட்டுத் திரையில் எடை தெரிகிறது. இணைய வேகத்துக்காகக் கூட்டிக் கட்டிய பணத்தை மைத்துனர் நிறுத்திவிட்டார். குறை அங்கே இருக்கவே இல்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு நான்கு நாள் தாமதமாக வந்தார். சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில் வரும் நாள் நெருங்குவது அவருக்கும் தெரியும், முன்பே கணக்கிட்டிருக்கலாம். சுவரில் துளை போட்டபோது கீழே இருந்த உளுந்து மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போடச் சொல்லவில்லை. ஐந்து மூட்டைகளைத் தட்டிச் சலிக்க வேண்டியதாயிற்று. முதலில் கொடுத்த பில் ஒரே வரியில் மொத்தத் தொகையாக இருந்தது. கேட்ட பிறகே கேபிள், இணைப்பான், ஸ்விட்ச், கூலி என்று பிரித்துக் கொடுத்தார். கூலி ஓர் இணைப்புக்கு 450 ரூபாய். சுற்றியுள்ள சிலர் கேட்பதை விட இது கூடுதல்தான். மூன்று ஆண்டுகளாக நாங்கள் இழந்த நேரத்தோடு ஒப்பிட்டால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்க ஒரு வாரம் ஆனது. வந்தபோது அது கையால் கோடு போட்டு, 14 இணைப்புகளுக்கும் எண் இட்டு, ஸ்விட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டும் அளவில் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது போக்ஸ் கட்டிய ஈத்தர்நெட் அப்படியே அல்ல. அவருடைய தடித்த ஒற்றைக் கேபிள் போய், 1990-இல் தரப்படுத்தப்பட்ட பின்னல் கேபிள் வந்தது. ஸ்விட்ச் வந்த பின் மோதலே இல்லாமல் போயிற்று. ஆனாலும் 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வடிவத்தில் இருந்த, ஒவ்வொரு கருவிக்கும் உரிய 48 பிட் முகவரியும், ஒரு பொட்டலத்தில் 1500 பைட் வரை என்ற அளவும் இன்றும் எங்கள் எடைமேடையிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டைக் கணக்கிலும் இருக்கின்றன. மெட்காஃப் 1979-இல் த்ரீகாம் நிறுவனத்தைத் தொடங்கி ஈத்தர்நெட்டை உலகெங்கும் கொண்டுசேர்த்தார்; கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2022-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது, அது முற்றிலும் தகுதியான விருது. அந்த விருது 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது போக்ஸ் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று, தமது 71-ஆம் வயதில், இதயச் செயலிழப்பால் காலமாகியிருந்தார். கடைசி வரை அவர் கருவி கட்டும் பொறியாளராகவே இருந்தார். 1996-இல் நண்பர் ரான் கிரேனுடன் தொடங்கிய சிறு நிறுவனமும் வலையமைப்பு அட்டைகள் செய்யும் நிறுவனம்தான்.

யானைக்கல்காரரை அழைக்க விரும்புவோருக்கு: காலை ஒன்பதுக்கு முன் பேசினால் பிடிக்கலாம், கேபிள் விலையில் பாதியை முன்பணமாகக் கேட்பார், வரைபடத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள், சரக்குக்குத் தார்ப்பாயை நீங்களே போட்டுவிடுங்கள். திருமங்கலத்தில் என் தங்கை நடத்தும் தட்டச்சுப் பள்ளியில் பத்துக் கம்ப்யூட்டர்களை இணைக்க அவரிடம் ஆடி மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அங்கே எல்லா முனைகளையும் அந்தத் தம்பியே போடட்டும் என்று கேட்டுக்கொண்டேன். “போடட்டுங்கய்யா, நான் பாத்துக்கறேன்” என்றார்.